கண்ணாடியில் தெரிந்த கை

போட்டோப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மேலே இருக்கிற கண்ணாடியை. அது மங்கலாக இருந்தால் அந்தப் பெட்டியை ஒருவன் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நீங்களும் ஒன்று வாங்க நினைத்திருப்பதாக ஏட்டையா சொன்னார். அதனால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் கேட்டதற்குப் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

என் பெயர் ஜக்கையன். குரங்கணிக்கு மேலே மலைச் சரிவில் எனக்கு ஏலத் தோட்டம் இருக்கிறது. எழுத்து அதிகம் தெரியாது. கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் காய் பார்க்கத் தெரியும். போடியில் எவன் மூட்டையை அவிழ்த்தாலும் மேலாக்கில் பச்சைக் காய் பளபளவென்று கிடக்கும். நான் அதைத் தொட மாட்டேன். முழங்கை வரை உள்ளே விட்டு அடியில் இருப்பதை அள்ளிப் பார்ப்பேன். வெடித்ததும் வெளுத்ததும் அங்கேதான் இருக்கும். மனிதர்களிடமும் நான் அப்படித்தான். ஊரில் எனக்குச் சந்தேகக்காரன் என்று பேர். ஏமாந்தவன் என்று ஒருவன் சொல்லட்டும் பார்க்கலாம்.

கொஞ்ச காலமாகக் கண்ணில் புரை. தண்ணீரில் பாலைத் தெளித்தது போல இருக்கும். வருவது ஆள் என்று தெரியும், அவன் முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. ஒரு தோட்டக்காரனுக்கு இதைவிடக் கேடு வேறில்லை. காலைப் பார்த்து நடந்துகொள்ளலாம். முகத்தைப் பார்க்காமல் ஆள் வைத்து வேலை வாங்க முடியாது. அதனால் மூக்குக் கண்ணாடி வாங்கலாம் என்று மதுரைக்குப் போனேன். அம்மையநாயக்கனூர் வரை மாட்டு வண்டி, அங்கிருந்து ரயில். தவசியும் கூட வந்தான். மீசை முளைக்காத காலத்தில் என் தோட்டத்துக்கு வந்தவன் அவன். காய் வாட்டும் கூடத்துக்கு அவன்தான் பொறுப்பு.

மூக்குக் கண்ணாடி, கடிகாரம், போட்டோப் பெட்டி எல்லாம் விற்கிற கடை அது. கடைக்காரர் எத்தனையோ கண்ணாடியை என் மூக்கில் மாட்டிப் பார்த்தார். ஒன்றும் ஒத்து வரவில்லை.

"பெரியவரே, இது புரை. கண்ணாடிக்கு அடங்காது" என்று கையை விரித்துவிட்டார்.

எழுந்திருக்கும்போது மேசையில் இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தேன். அதன் மேல்பக்கம் ஒரு சின்னக் கட்டம். உள்ளே தெரு தெரிந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது கறுப்பு அட்டைப் பெட்டி. அதன் கட்டம் எறும்புப் புற்றின் வாய் அளவுதான், உள்ளே அந்திக் கருக்கலாக இருந்தது. இரண்டாவது தோல் மடிப்பு வைத்தது, ஆர்மோனியம் போல இழுத்தால் நீளும். வேலைப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தலையைக் கொஞ்சம் அசைத்தால் கட்டத்தில் இருந்த ஆள் காணாமல் போய்விடுவான். மூன்றாவது இரும்பில் செய்தது, கனம். மேல் மூடியைத் திறந்தால் தீப்பெட்டியை விடப் பெரிய கண்ணாடி. இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றி மாற்றி வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெயிலில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் தெரியும். கடையின் உள்மூலைக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அந்த மூலையிலும் மூன்றாவது பெட்டி வெளிச்சத்தைக் கொட்டியது. நீங்கள் வாங்கும்போதும் இப்படிச் செய்யுங்கள்.

அதை வயிற்றோடு அணைத்துத் தெருவுக்கு நேரே பிடித்தேன். தெருவைக் கழுவி வைத்தது போல இருந்தது. எதிரே பூக்காரி. அவள் மூக்குத்தி கூடத் தெரிந்தது. பல நாளாக நான் யார் மூக்குத்தியையும் பார்த்ததில்லை. அவள் என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற கிழவன் என்று நினைத்திருப்பாள். வாடின பூவை எடுத்து நல்ல பூவுக்கு நடுவில் வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். என் கண் எதிரேயே கட்டினாள்.

பெட்டியின் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. நிமிர்ந்து பார்க்கிறவன் முன்னால் எல்லோரும் யோக்கியர்கள். குனிந்த தலைக்கு முன்னால்தான் அடிமூட்டைக் காய் வெளியே வரும்.

"சுருள் எத்தனை வேணும் பெரியவரே? அகலச் சுருளு. படம் உள்ளங்கை அகலம் விழும், சும்மா கல்வெட்டு மாதிரி."

"சுருள் வேண்டாம்."

"சுருளு இல்லாம எப்படிப் படம் பிடிப்பீக?"

"படம் யாருக்கு வேணும்?"

அவர் தவசியைப் பார்த்தார். தவசி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூக்குக்கு வாங்க வந்துட்டு வயித்துக்குக் கண்ணாடி வாங்குறாக எங்க மொதலாளி. நீங்க கட்டிக் குடுங்கண்ணே" என்றான்.

பெட்டியைக் கட்டும்போது கடைக்காரர் ஒன்று சொன்னார். "பெரியவரே, ஒரு சங்கதி. இந்தக் கண்ணாடியில எடவலம் மாறித் தெரியும். படத்துல சரியா விழும். பாக்குற கண்ணாடியில மட்டுந்தான் அப்படி. வாங்குன எல்லாரும் மொதல்ல தடுமாறுவாக."

கேட்டுக்கொண்டேன். கேட்காமலே ஒரு குறையைச் சொல்கிற வியாபாரியை எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படிச் செய்திருக்கிறேன். நாலு வெடித்த காயை நாமே எடுத்துக் காட்டிவிட்டால் வாங்குகிறவன் அடிவரை தோண்டமாட்டான். அதனால் அவர் சொன்னதை அந்த அளவுக்குத்தான் எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் ஆட்கள் முதலில் பயந்தார்கள். போட்டோவில் விழுந்தால் ஆயுசு குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. பெட்டியைத் திருப்பினால் பெண்கள் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். உள்ளே சுருள் கிடையாது, வெறும் டப்பா என்று தவசியே திறந்து காட்டினான். அப்புறம் யாரும் சட்டை செய்யவில்லை. கூடத்துக்கு முன்னால் களத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக் குனிந்துகொண்டிருப்பேன். பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் என் முகம் ஒரு பக்கம் இருக்கும், நான் பார்ப்பது வேறு பக்கமாக இருக்கும்.

தவசியின் பெண்டாட்டி பேச்சிக்கு வாய் அதிகம். "பெருசுக்கு வயித்துல என்ன, புள்ளை அசையுதா? குனிஞ்ச தலை நிமிராம பாத்துக்கிட்டு இருக்காகளே" என்று ஒரு நாள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்ணாடியில் ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக்கொண்டேன்.

இனி என் மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூக்கம்மாள் தேவாரம் ஊர்ப் பெண். என் மகன் சின்னமுத்து மலைக்காய்ச்சலில் போன பிறகும் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. அவள் அப்பா பால்சாமி வண்டியோடு வந்து கூப்பிட்டார். "மாமாவுக்குக் கண்ணு தெரியாது. காடு தீஞ்சு போகும்ப்பா, நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டாள். விடிவதற்கு முன் எழுந்து கூழ் காய்ச்சுவாள். ஆட்களோடு காய் எடுப்பாள். வாட்டும் கூடத்தில் தட்டுகளைப் புரட்டுவாள். என் கால் வெடிப்புக்கு மருந்து அரைத்துப் போடுவாள். ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு அதுதான் ஆரம்பத்தில் இருந்தே உறுத்தியது. மேலாக்கில் அவ்வளவு பச்சையான காயை நான் பார்த்ததே இல்லை.

அவளுக்கு ஒரே பெண், என் பேத்தி பெரியம்மாள். பால் பல் விழுகிற வயது. அதற்குப் பிறவியிலேயே பீச்சாங்கைப் பழக்கம். எடுப்பது, எறிவது, சோறு பிசைவது எல்லாம் இடது கை. அப்படியே விட்டால் நாளைக்குப் பந்தியில் உட்கார முடியாது, யார் வீட்டிலும் பெண் கேட்கவும் மாட்டார்கள். எந்த வீடாக இருந்தாலும் அந்தக் கையில் நாலு போட்டு மாற்றத்தான் செய்வார்கள். மூக்கம்மாளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நானும் அதட்டியிருக்கிறேன். அதெல்லாம் பெட்டி வாங்குவதற்கு முன்னால்.

ஒரு நாள் மத்தியானம் அவள் களத்தில் ஆட்களுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் அவள் இடது கையால் ஊற்றினாள். தவசி இடது கையால் வாங்கினான். பேச்சி இடது கையால் குடித்தாள். நான் நிமிர்ந்தேன். எல்லோரும் வலது கைக்கு மாறியிருந்தார்கள். மறுபடி குனிந்தேன். எல்லோரும் இடது கை.

எவ்வளவு வெரசாக மாற்றிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். நான் தலையைத் தூக்கப் போகிறேன் என்பதை ஒருவருக்கொருவர் எப்படிச் சாடை காட்டிக்கொள்கிறார்கள் என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே பல நாள் செலவழித்தேன். சட்டென்று நிமிர்வேன், மெதுவாக நிமிர்வேன், தும்முவது போல நிமிர்வேன். ஒருவர் கூடத் தப்புச் செய்யவில்லை.

ஒருவருக்கு இடது கையால் சோறு போடுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிச்சைக்காரனுக்குக் கூட அப்படிப் போடமாட்டோம். எனக்கு அவள் தினமும் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கும் அதே கைதான்.

அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். நான் கோபக்காரன் இல்லை. ஆளை நன்றாகப் பார்க்காமல் முடிவு செய்கிறவனும் இல்லை.

பேத்தியைப் பார்த்தபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. வெறும் கண்ணுக்கு அது இடது கையால் சாப்பிட்டது. என் வெறும் கண் புரை விழுந்த கண், அதை எப்படி நம்புவது? கண்ணாடியில் பெரியம்மாள் அழகாக வலது கையால் பிசைந்து சாப்பிட்டாள். அந்த மலையில் வலது கையால் சாப்பிட்டது அவள் ஒருத்திதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கம்மாள் அந்த வலது கையில் அடித்து, சோற்றை இடது கைக்கு மாற்றினாள்.

"எத்தனை தடவ சொல்றது, இந்தக் கையால திங்காதேன்னு. நாளைக்கு யாருடி ஒன்னக் கட்டுவான்?"

"வலிக்குது ஆத்தா" என்றது பிள்ளை.

பெற்ற பிள்ளைக்குத் தாயே அதைப் பழக்குகிறாள். எனக்குச் செய்ததைக்கூட விட்டிருப்பேன். எனக்கு இன்னும் எத்தனை நாள்? ஆனால் என் மகன் விட்டுப்போனது அந்த ஒன்றுதான்.

அப்போதும் நான் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். இதை ஏட்டையா தெளிவாக எழுத வேண்டும். மறுநாள் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நீ எந்தக் கையாலம்மா சோறு போடுறே?" என்று கேட்டேன்.

"இதென்ன மாமா கேள்வி. சோத்துக்கையாலதான்."

"இதுல அப்படித் தெரியலையே."

அவள் குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. களத்தில் தவசி விறகு சுமந்துகொண்டு போனான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அட, இதுல எடவலம் மாறியில்ல தெரியுது மாமா. தவசி சித்தப்பு அந்தாண்ட போனா இதுல இந்தாண்ட வர்றாக. இதைப் பாத்துட்டுத்தானா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக? நல்ல ஆளு போங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் உட்கார்ந்து யோசித்தேன். இடவலம் மாறித் தெரியும் என்பது மதுரைக் கடைக்காரர் சொன்ன அதே வார்த்தை. நான் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவள் மதுரையைப் பார்த்ததே இல்லை. கூட வந்து அதைக் கேட்டவன் தவசி, அவன்தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரே பொய்யை மூன்று பேர் ஒரே வார்த்தையில் சொன்னால் அது எங்கேயோ கூடிப் பேசி வைத்த பொய். சந்தையில் மூன்று தரகர்கள் ஒரே விலையைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எந்த ஏல வியாபாரியையும் கேட்டுப் பாருங்கள்.

உண்மையிலேயே அப்படித் தெரிந்திருந்தால் அவள் பார்த்த உடனே எப்படிக் கண்டுபிடிப்பாள்? எனக்கே தெரியாதது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் அன்று அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருப்பேன்.

காய் வாட்டும் கூடத்தை நீங்கள் வந்து பார்த்தீர்கள். கல் சுவர், தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. அடுப்பு வெளியே இருக்கும். அதிலிருந்து இரும்புக் குழாய் உள்ளே போய்ச் சுற்றி வரும். உள்ளே அடுக்கடுக்காக மூங்கில் தட்டு, தட்டில் காய். பச்சை நிறம் போகாமல் காய வேண்டும் என்றால் வெக்கை வெளியே போகக் கூடாது. அதனால் யாராவது உள்ளே போய்த் தட்டைப் புரட்டும்போதும் கதவைச் சாத்தி வெளியே நாதாங்கி போட்டு வைப்போம். உள்ளே வெற்றிலை போடுகிற நேரம்தான் இருக்க முடியும். தட்டினால் திறப்பதற்கு வெளியே ஒரு ஆள் கதவில் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கதவுக்கு நிற்பது என்று அதற்குப் பேர். ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் கதவுக்கு நின்றால் நகரமாட்டான். எங்கள் மலையில் அதை மீறினவன் கிடையாது.

அன்று நல்ல மழை. ஆட்கள் காட்டுக்குப் போகவில்லை, குடியிருக்கும் லயத்திலேயே இருந்தார்கள். மூக்கம்மாள் உள்ளே போயிருந்தாள், தவசி கதவுக்கு நின்றான். நான் போனேன்.

"தவசி, கீழே விறகு வந்து எறங்குச்சான்னு பாத்துட்டு வா. நான் நிக்கிறேன்."

"தாயி உள்ள இருக்காக மொதலாளி. வெளிய வரட்டும், போறேன்."

"எனக்குத் தெரியாதா? மழை வலுத்தா வழி அடைச்சுரும். போ."

அவன் கதவருகே வாயை வைத்துச் சத்தமாகச் சொன்னான். "தாயி, நான் சோலியாக் கீழ போறேன். கதவுக்கு மொதலாளி நிக்கிறாக."

"சரி சித்தப்பு. மாமா நின்னாப் போதும்" என்று உள்ளே இருந்து பதில் வந்தது.

அவன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். நான் அடுப்பில் விறகு வைத்தேன். நல்ல காய்ந்த விறகு, பெரிய கட்டைகளாகப் பார்த்து வைத்தேன். அப்புறம் கதவுக்கு எதிரே தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினாள். "முடிஞ்சிருச்சு மாமா."

பிறகு, "மாமா, தூங்கிட்டீகளா?" என்றாள். அப்போதும் குரலில் சிரிப்பு இருந்தது.

நான் தூங்கவில்லை. பிறகு எல்லோரிடமும் தூங்கிவிட்டதாகச் சொன்னேன், அது பொய். அதைத் திருத்திக்கொள்கிறேன். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் கையால் தட்டுகிறாள் என்று பார்த்தேன். சத்தத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் இரண்டு கையாலும் தட்டினாள்.

பெரியம்மாள் தாழ்வாரத்தில் என் காலடியில் உட்கார்ந்து பழுதுக் காயைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். பெட்டியை அவள் பக்கம் திருப்பிக் குனிந்துகொண்டேன். கண்ணாடியில் ஒவ்வொரு காயையும் வலது கையால் எடுத்து வைத்தாள். மழைநாளில் கூட எவ்வளவு வெளிச்சம் அந்தக் கண்ணாடியில்.

"தாத்தா, ஆத்தா கூப்புடுது."

"மழை சத்தம்மா அது."

"இல்ல தாத்தா, ஏம் பேரைச் சொல்லிக் கூப்புடுது."

"நீ காயைப் பொறுக்கு" என்றேன். நல்ல பிள்ளை, பொறுக்கினாள்.

சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் இருந்தேன். காய்க்கு அந்த வெக்கை அதிகம் என்று தெரியும். அந்தத் தட்டுக் காய் முழுவதும் வெளுத்துப் போய் வீணாகிவிட்டது. பிறகு நாதாங்கியை எடுத்துவிட்டுக் கத்தினேன். பேச்சிதான் முதலில் ஓடி வந்தாள். கதவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தவளைத் தூக்கினார்கள்.

கிழவன், கண் தெரியாதவன், கதவுக்கு நிற்கும்போது அசந்துவிட்டான் என்று ஊர் நம்பியது. கிராம முன்சீப்பும் அப்படித்தான் எழுதினார். தேவாரத்தில் இருந்து பால்சாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க என்ன செய்வீக சம்பந்தி, எம் மகளுக்கு விதி" என்றார். வெறும் கண்ணுக்கு வலது கையால் பிடித்தது போலத்தான் இருந்தது. பேத்தியை அனுப்பச் சொல்லிக் கேட்டார். என் கண் பார்வையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தவசி மட்டும் திரும்பி வந்ததும் முதலில் அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்ததாகப் பேச்சி சொன்னாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதியாக இருந்தது. பெரியம்மாளை யாரும் அடிக்கவில்லை. இஷ்டம் போலச் சாப்பிட்டாள். நான் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ராத்திரியில் மட்டும் ஆத்தா எங்கே என்று கேட்பாள். காலையில் மறந்துவிடுவாள். சோறு பொங்கிப் போட பேச்சி வந்துபோனாள். நான் செய்த ஒரே தப்பு அவளை வீட்டுக்குள் விட்டதுதான்.

தை மாதம் காய்ப் பருவம் முடிந்தது. கூடத்தில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் பெரியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பேச்சி பின்னால் நின்றாள்.

"தாத்தா, இங்க பாருங்களேன்."

"என்னம்மா?"

"நான் சோத்துக்கையால திங்கிறேன். ஆத்தா ஆசைப்பட்டுச்சுன்னு பேச்சியாயி சொன்னாக. நான் சோத்துக்கையால தின்னா ஆத்தா பாக்குமாம்."

"நாலு நாளாப் பழகுறா. அடிக்கவே வேண்டியதில்ல, தானாத் திங்கிறா மொதலாளி" என்று பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் பெட்டியைத் திறந்து குனிந்தேன். அவசரப்படவில்லை. நன்றாக வெளிச்சம் விழும்படி திருப்பி வைத்தேன். கண்ணாடியில் என் பேத்தி இடது கையால் சோறு பிசைந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். தாயின் அதே சிரிப்பு.

மூடியைச் சாத்திவிட்டுக் களத்துக்கு வந்தேன். தவசி கூடை முடைந்துகொண்டிருந்தான்.

"தவசி, கூடத்து அடுப்பைப் பத்த வை."

"காயே இல்லையே மொதலாளி."

"பத்த வைன்னா பத்த வை. தட்டெல்லாம் பூசணம் பிடிச்சுக் கெடக்கு. பெரியம்மா பொடிசு, இடுக்குல புகுந்து தொடைச்சுருவா. கதவுக்கு நான் நிக்கிறேன்."

அவன் எழுந்தான். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பெட்டி உள்ளே இருந்தது. அவன் வீட்டுக்குள் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையை எச்சில் கையோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"எங்கடா கொண்டு போறே?"

"போடிக்கு."

"கூலி குடுக்குறது நான்டா."

"ஆமா" என்றான். ஒரு மொதலாளி கூடப் போடவில்லை. சரிவில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தான். மீசை முளைக்காத காலத்தில் இருந்து என்னிடம் இருந்தவன் ஒரு வேலையைச் செய்யமாட்டேன் என்று போனது அன்றுதான். கூட்டுக்களவாணி என்று நான் முன்னமே சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

பிள்ளை தேவாரத்தில் பால்சாமி வீட்டில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கட்டும். அங்கே அவளைக் கெடுப்பதற்கு இன்னும் பல பேர் இருக்கிறார்கள். நான் செய்ய நினைத்தது அவளுக்கு நல்லது. இதை ஒரு நாள் அவள் புரிந்துகொள்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. மூக்கம்மாளைக் கூடத்தில் வைத்துப் பூட்டியது நான்தான். தெரிந்துதான் பூட்டினேன். விறகு வைத்ததும் நான்தான். வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நேற்று நீங்கள் அந்தப் பெட்டியை இந்த மேசையில் வைத்து, என்னை அதன் பின்னால் நிற்க வைத்தீர்கள். ஏட்டையாவை எதிரே நிறுத்தி வலது கையைத் தூக்கச் சொன்னீர்கள். கண்ணாடியில் இடது கை தூக்கினார். அவரைப் பற்றி எனக்கு முதல் நாளே அப்படித்தான் பட்டது, நான் ஆச்சரியப்படவில்லை. அப்புறம் சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினீர்கள், பேப்பரில் எழுதிக் காட்டினீர்கள், பொறுமையாகத்தான் சொன்னீர்கள். கடைசியில் என்னையே என் வலது கையைப் பெட்டிக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கச் சொன்னீர்கள்.

பார்த்தேன். என் கை எனக்குத் தெரியாதா? ஆட்காட்டி விரலில் அரிவாள் பட்ட தழும்பு கூட இருந்தது. வலது கைத் தழும்பு அது. கண்ணாடியில் அது இடது கையில் இருந்தது.

"இப்பப் புரியுதா பெரியவரே?" என்று கேட்டீர்கள். ராத்திரி முழுவதும் லாக்கப்பில் யோசித்தேன். இப்போது சொல்கிறேன்.

புரிகிறது ஐயா. நான் வாங்கியபோது அது நல்ல கண்ணாடி. இங்கே கொண்டுவந்து நாலு பேர் கைபட்டு அதைக் கெடுத்துவிட்டீர்கள்.